குழந்தையை மறை, குற்றத்தை மறைக்காதே!

நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குத் தனி மணம் உண்டு. அந்த ஊர் ஏலத்தில் விரலி என்ன விலை போயிற்று, உருண்டை என்ன விலை போயிற்று, பனங்காளி என்ன விலை போயிற்று என்று ஏடுகள் தவறாமல் எழுதுகின்றன. எழுதட்டும்! வரப்பில் நிற்கும் உழவன் சந்தை நிலவரம் தெரிந்து கொள்கிறான். தரகன் வாயிலிருந்து விழுந்ததே விலை என்று தலையாட்டிய காலம் போயிற்று. செய்தித்தாள் நாட்டுக்குச் செய்யும் நல்ல தொண்டுகளில் அதுவும் ஒன்று.

ஆனால், தோழர்களே! 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பக்கத்து ராசிபுரத்திலிருந்து வேறொரு விலைப்பட்டியல் வெளிவந்தது. மஞ்சளுக்கல்ல, மழலைக்கு! ஆண் என்றால் இவ்வளவு, பெண் என்றால் இவ்வளவு, நிறம் கொஞ்சம் சிவப்பாக இருந்தால் இன்னும் இவ்வளவு என்று, மருத்துவமனைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி தொலைபேசியில் பேரம் பேசிய பேச்சு, கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி நாடெங்கும் ஒலித்தது. முப்பதாண்டாக இந்தத் தொழில் நடக்கிறது என்ற சொல்லும் அந்தப் பேச்சில் இருந்தது. கைதுகள் நடந்தன. வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போயிற்று. கொல்லிமலை ஏழைக் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் விசாரணை நீண்டது.

இந்தக் கொடுமை வெளிவந்தது நன்று. வெளிவராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை தொட்டில்கள் ஏலம் போயிருக்குமோ! வெளிக்கொண்டு வந்தோரை நாம் பாராட்டுகிறோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம். தலைப்பிலே எது ஏறியது? விலை ஏறியது! தொலைக்காட்சிப் பெட்டியிலே எது திரும்பத் திரும்ப ஒலித்தது? பேரம் ஒலித்தது! அந்தப் பிள்ளைகள்? அவர்கள் எங்கோ ஒரு வீட்டில் ஒருத்தியை ‘அம்மா’ என்று அழைத்துக்கொண்டு, சிலேட்டில் ‘அ’னா எழுதிக்கொண்டு வளர்கிறார்கள். முப்பதாண்டுக் கதை உண்மையென்றால், அவர்களில் சிலர் இன்று வளர்ந்து ஆளானவர்கள். ‘நான் அந்தப் பட்டியலில் ஒருத்தியோ?’ என்று ஒரு பெண் ஓர் இரவு தூக்கமின்றிப் புரண்டிருப்பாளானால், அந்த இரவுக்கு யார் பொறுப்பு? விற்றவர் பொறுப்பு, வாங்கியவர் பொறுப்பு. எழுதியவருக்குப் பொறுப்பே இல்லையா?

அதோடு முடிந்ததா? 2023 அக்டோபரில், அதே மாவட்டத்துத் திருச்செங்கோட்டில், பச்சிளங்குழந்தையை விற்க முயன்றதாக அரசு மருத்துவர் ஒருவரும் இடைத்தரகர் ஒருவரும் கைதானார்கள். மறுபடியும் தலைப்பு, மறுபடியும் தொகை!

பிள்ளைகளைப் பற்றிச் செய்தி எழுதுவோருக்குப் பயிற்சி வேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான். பயிற்சி என்றால் பட்டணத்து விடுதியில் குளிரூட்டிய அறையும், மதிய விருந்தும், கழுத்தில் தொங்கும் அட்டையும் அல்ல. நாமகிரிப்பேட்டையிலும் ராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் மோட்டார் சைக்கிளில் சுற்றிச் செய்தி சேர்க்கிறாரே, அந்தப் பகுதிநேர நிருபருக்குப் பயிற்சி!

யார் அந்த நிருபர்?

அவர் நம்மில் ஒருவர். உழைக்கும் வீட்டுப் பிள்ளை. பல ஏடுகளில் அவருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன். காலையில் மஞ்சள் ஏலம், பகலில் சாலை விபத்து, மாலையில் கோயில் திருவிழா, இரவில் காவல் நிலையம். ‘படம் எங்கே? பெயர் எங்கே? அடுத்த ஏட்டில் வந்துவிட்டதே!’ என்று தலைமை அலுவலகத்திலிருந்து தொலைபேசி அதட்டுகிறது. பாவம், அவர் என்ன செய்வார்! காவல் நிலையத்தில் கிடைத்ததை அப்படியே அனுப்புகிறார்.

சட்டம் தெரியாதா என்று அவரைக் கடிந்து பயனில்லை. சட்டத்தை அவருக்கு யார் சொல்லித் தந்தார்? கைது வந்தால் அவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பலாம் என்று எண்ணும் முதலாளிகளுக்கு ஒரு செய்தி சொல்லுகிறோம். 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23 ஆம் பிரிவு, ஊழியர் செய்த பிழைக்கு வெளியீட்டாளரும் உரிமையாளரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்கிறது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாத, ஓராண்டு வரை நீளக்கூடிய சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சம்பளம் தர மனமில்லாவிட்டாலும், சிறைக்குப் பயந்தாவது பயிற்சி தரவேண்டாமா?

சட்டம் நேற்று முளைத்ததல்ல. பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதன்முதலாக வந்தது நம் சென்னை மாகாணத்தில், 1920 இல். பிறகு 1986 இல் நாடு முழுமைக்குமான சட்டம். 2000 இல் புதுச் சட்டம். 2015 இல் மற்றொரு சட்டம். 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74 ஆம் பிரிவு, குற்றத்துக்கு ஆளான பிள்ளையானாலும், குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையானாலும், சாட்சி சொல்லும் பிள்ளையானாலும், பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையானாலும், அடையாளத்தை வெளியிடாதே என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெயர் மட்டுமா அடையாளம்?

‘நாங்கள்தான் பெயரைப் போடவில்லையே!’ என்பார்கள். சரி, ஒரு செய்தியைப் பார்ப்போம். இது நாமே கட்டிய கற்பனைச் செய்தி. ஆனால் நடை புதிதல்ல.

‘இன்ன ஊர் அருகே இன்ன காலனியைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகள், அரசுப் பள்ளியில் 8 ஆம் வகுப்பு படிக்கும் 13 வயதுச் சிறுமி. தாய் சந்தைக்குச் சென்றிருந்தபோது, எதிர் வீட்டு மளிகைக் கடைக்காரர் சிறுமியிடம் சில்மிஷம்.’

பெயர் இல்லை. ஆனால் அந்தக் காலனியில் 8 ஆம் வகுப்புப் படிக்கும் பெண் எத்தனை பேர்? எதிர் வீட்டில் மளிகைக் கடை உள்ள வீடு எத்தனை? சென்னையில் படிப்பவருக்கு அது ‘ஒரு சிறுமி’. அந்தத் தெருவில் படிப்பவருக்கு அது இன்னார் மகள்! நாளைக் காலை அவள் பள்ளிக்குப் போகவேண்டும். தண்ணீர்க் குழாயடியில் நிற்கவேண்டும். பேருந்தில் ஏறவேண்டும். சட்டம் இதை அறிந்துதான் எழுதப்பட்டது. பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, மேலும் அடையாளம் காட்டக்கூடிய எதுவும் கூடாது என்று வரிசையாகச் சொல்லுகிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் தந்தையோ சிற்றப்பனோ என்றால்? அவன் பெயரைப் போட்டால் பிள்ளையின் பெயரைப் போட்டதாகிவிடும்! அவன் பெயரைப் போட்டுத்தான் தீரவேண்டுமானால் உறவைச் சொல்லாதே. உறவைச் சொல்லித்தான் தீரவேண்டுமானால் பெயரைப் போடாதே. கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டுவிட்டால் முகம் மறையும், சீருடை மறையுமா? வீட்டுக் கூரை மறையுமா? பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கும் தாயின் முகம் மறையுமா?

இங்கே ஒரு வர்க்க நியாயமும் இருக்கிறது, தோழர்களே! மாளிகை வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் வழக்கறிஞர் முன்னே வந்து நிற்கிறார், பெயர் தானாக மறைகிறது, தெரு மறைகிறது, சில வேளை செய்தியே மறைகிறது. குடிசை வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தாலோ, கூரையோடு படம் வருகிறது. சாதியோடு செய்தி வருகிறது. மறைத்தல் என்ற மரியாதை பணக்காரனுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமா?

2018 இல் காஷ்மீரத்துக் கதுவாவில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சீரழித்துக் கொல்லப்பட்டாள். நாடோடி மேய்ப்பர் குலத்து ஏழைப் பிள்ளை. நாட்டிலுள்ள பெரும் பெரும் நிறுவனங்களெல்லாம் அவள் பெயரையும் படத்தையும் போட்டன. தில்லி உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அவர்களை அழைத்து, தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் கட்டச் சொல்லிற்று. அதே ஆண்டு திசம்பர் 11 இல் உச்சநீதிமன்றம் நிபுண் சக்சேனா வழக்கில் தீர்ப்புரைத்தது. பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தாலும் பெயர் போடாதே. சுற்றி வளைத்தும் அடையாளம் காட்டாதே என்பது அதன் சாரம். படிப்பும் பணமும் குவிந்த தலைநகரத்து நிறுவனங்களே சறுக்கினவென்றால், நாமகிரிப்பேட்டை நிருபரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. பயிற்சி மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் வேண்டும்.

நஞ்சு தோய்ந்த சொற்கள்

அந்தக் கற்பனைச் செய்தியில் ‘சில்மிஷம்’ என்றொரு சொல் வந்தது, கவனித்தீர்களா? வகுப்பறையில் பின்பெஞ்சுப் பையன் முன்பெஞ்சுப் பையனின் சட்டையில் காகிதம் செருகினால் அது சில்மிஷம். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடலில் ஒருவன் கை வைத்தால் அது சில்மிஷமா? அது வன்முறை! ‘உல்லாசம் அனுபவித்தார்’ என்று எழுதுகிறார்கள். யாருக்கு உல்லாசம்? அலறிய பிள்ளைக்கா? ‘காதல் வலையில் சிக்கிய சிறுமி’ என்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவளின் இசைவைச் சட்டம் இசைவாகவே ஏற்பதில்லை. ஏடு மட்டும் அதைக் காதல் என்று எப்படி ஏற்கிறது?

தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? பாலியல் வன்முறை என்று எழுது. தாக்குதல் என்று எழுது. குற்றம் என்று எழுது. குற்றத்துக்கு விளையாட்டுப் பெயர் சூட்டினால், படிப்பவன் இதழோரத்தில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு அந்தப் பிள்ளையின் மீது விழும் இரண்டாவது அடி.

தேர்வு முடிவு வரும் நாளிலும் இப்படித்தான். தோற்ற பிள்ளை உயிரை விட்டால், எப்படி விட்டது, எதனால் விட்டது, எத்தனை மதிப்பெண் என்று முழ நீளத்துக்கு எழுதுகிறார்கள். படிப்பவர்களில் இன்னொரு தோற்ற பிள்ளையும் இருக்குமே என்ற நினைப்பு வேண்டாமா? 2019 இல் இந்தியப் பத்திரிகை மன்றம் இதற்கு நெறி வகுத்தது. தலைப்பில் ஏற்றாதே, முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, திரும்பத் திரும்ப வெளியிடாதே என்றது. நெறி இருக்கிறது, கற்றுத்தருவோர் வேண்டும்.

மைக்கும் மழலையும்

போக்சோ சட்டத்தில் ஓர் அழகிய விதி உண்டு. பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் வாக்குமூலம் பெறச் செல்லும் காவல் அதிகாரி சீருடை அணிந்து செல்லக்கூடாது! காக்கியைக் கண்டு பிள்ளை மிரளும் என்பதற்காக. நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் நேரே பாய்ந்து கேள்வி கேட்கக்கூடாது. நீதிபதி வாயிலாகத்தான் கேட்கவேண்டும். பிள்ளையைத் திரும்பத் திரும்ப வரவழைத்துச் சாட்சி சொல்ல வைக்கவும் கூடாது.

காவல்துறையே காக்கியைக் கழற்றிவிட்டுப் போகிறது. நாம் மட்டும் மைக்கை நீட்டிக்கொண்டு, விளக்கைப் பாய்ச்சிக்கொண்டு, ‘என்ன நடந்தது, சொல்லும்மா’ என்று போகலாமா? ஐந்து தொலைக்காட்சிக்கு ஐந்து முறை அழவேண்டுமா அந்தப் பிள்ளை?

2019 அக்டோபர் 25 ஆம் நாளை நினைத்துப் பாருங்கள். மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், இரண்டு வயதுப் பாலகன் மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். நான்கு நாள் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. 29 ஆம் நாள் அதிகாலையில் உடல்தான் வெளியே வந்தது. அவன் பெயரை நாடறியும். நாம் இங்கே எழுதவில்லை. மீட்பு நடந்ததைக் காட்டியது தவறென்று சொல்லமாட்டோம். மண்ணுக்குள் அசைந்த அந்தச் சின்னஞ்சிறு கையை இரவும் பகலும் காட்டியதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கிறோம். அதே நாட்களில், தூத்துக்குடியில் ஒரு வீட்டில் பெற்றோர் அந்த மீட்பு ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய இரண்டு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் மூழ்கி இறந்தது. அந்தப் பெற்றோரை நாம் குறை கூறவில்லை. கண்ணை அகற்றவே விடாமல் காட்டுவது எப்பேர்ப்பட்ட வலிமை என்பதற்காகச் சொல்லுகிறோம்.

அந்த நான்கு நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கு இந்தியாவிலேயே பேர்போன ஊர் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு. 2010 இலேயே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் தெரிவி, அறிவிப்புப் பலகை வை, வேலி போடு, கைவிட்ட குழியை மூடு என்றது. ‘நம் ஒன்றியத்தில் மூடாத குழி எத்தனை? ஆணையைக் கிடப்பில் போட்டவர் யார்?’ இந்தக் கேள்வியை எழுதும் நிருபர் ஒரு பிள்ளையின் படத்தையும் போடவேண்டியதில்லை. பல பிள்ளைகளின் உயிரைக் காப்பார்.

‘படம் போட்டால்தானே உலகம் விழிக்கும்?’

இப்படிக் கேட்போரும் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. 1972 இல் வியட்நாமில், நெருப்புக் குண்டில் வெந்து ஆடையின்றி ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமியின் படம் உலக மனச்சாட்சியை உலுக்கியது. போரின் கொடுமைக்கு அது சான்றாயிற்று. உண்மை. ஆனால் அந்தச் சிறுமி என்ன சொன்னார்? அவர் கிம் புக். இன்று உலகறிந்த அமைதித் தூதர். ஐம்பது ஆண்டு கழித்து, 2022 இல், வளரும் பருவத்தில் அந்தப் படத்தைத் தாம் வெறுத்ததாக அவரே எழுதினார். உலகம் விழித்தது, விழிப்புக்கு விலை கொடுத்தது ஒரு சிறுமியின் நாணம்.

1993 இல் சூடானில் பஞ்சத்தில் சுருண்டு கிடந்த குழந்தையும், அருகே காத்திருந்த கழுகும் உள்ள படம் வெளிவந்தது. மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. உலகம் ஒரே கேள்வி கேட்டது: ‘படம் எடுத்தாயே, அந்தக் குழந்தை என்ன ஆயிற்று?’

எனவேதான் உலகச் செய்தியாளர்களே கூடி நெறி வகுத்தார்கள். 1998 இல் பிரேசில் நாட்டு ரெசீபே நகரில் தொடங்கி, 2001 இல் சியோல் நகர மாநாட்டில் பன்னாட்டு இதழாளர் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட நெறிமுறை அது. அரசாங்கம் திணித்ததல்ல, பேனா பிடித்தோர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட வேலி. ‘இது பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் பூட்டு’ என்று கூவுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொரு பக்கமும் உண்டு. அதையும் மறைக்காமல் பேசுவோம். ‘குழந்தையின் நலன் கருதி’ என்று சொல்லிக்கொண்டே குற்றத்தைக் குழி தோண்டிப் புதைப்போர் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ‘வெளியே தெரிந்தால் மானம் போய்விடும்’ என்று கட்டப்பஞ்சாயத்து பேசி, பணம் கைமாற்றி, புகாரை வாபஸ் வாங்க வைப்போர்! யாருடைய மானம் போயிற்று? கை வைத்தவனுடைய மானமல்லவா போயிற்று! பிள்ளைக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு ஏன் பெயரை மறைக்கிறோம் என்றால், அது வெட்கத்துக்காக அல்ல. தன் கதையைச் சொல்வதா, வேண்டாமா என்பதை வளர்ந்தபின் அவளே முடிவு செய்ய வேண்டும். அந்த உரிமையை அவள் பன்னிரண்டு வயதில் நாம் பறித்துவிடக் கூடாது. அதற்காகத்தான்!

ஆகவே, குழந்தையை மறை, குற்றத்தை மறைக்காதே! புகார் கொடுத்த நாள் எது? முதல் தகவல் அறிக்கை பதிந்த நாள் எது? பள்ளிக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் சொல்லாமலிருந்தால் அதுவும் குற்றமாயிற்றே! வழக்கு நீதிமன்றம் ஏறிய முப்பது நாளுக்குள் பிள்ளையின் சாட்சியம் பதியவேண்டும், கூடியவரை ஓராண்டில் வழக்கு முடியவேண்டும் என்கிறதே சட்டம், நடந்ததா? இழப்பீடு வந்ததா? ஒரு பிள்ளையின் பெயருமின்றி இத்தனை கேள்வியும் எழுதலாம். எழுதினால் நடுங்கப்போவது குடிசை அல்ல, நாற்காலி!

கைப்பேசி ஏந்திய தோழருக்கு

இதுவரை நிருபரைப் பற்றிப் பேசினோம். இப்போது உங்களைப் பற்றி. ஆம், தோழரே, உங்களைப் பற்றித்தான்!

முன்பு ஏடு ஒரு நாள் வாழ்ந்தது. மறுநாள் பட்டாணி மடித்துக் கொடுக்க உதவியது. ஊர் மறந்தது, பிள்ளை பிழைத்தது. இன்றோ கைப்பேசியில் ஏறியது இறங்குவதில்லை. படிப்பகத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்ட காலம் போய், ஒருவர் விரலைத் தட்ட, பத்தாயிரம் பேர் பார்க்கும் காலம் வந்துவிட்டது. இன்று ஒவ்வொரு கட்சித் தோழரும் ஒரு நிருபர். ஒவ்வொரு குழுவும் ஓர் ஏடு!

2022 சூலை 13 இல் கள்ளக்குறிச்சி அருகே ஒரு பள்ளி மாணவி இறந்தாள். அவள் பெயரும் படமும் கைப்பேசிகளில் பறந்தன. தெரிந்தவர் ஒன்று சொன்னார். தெரியாதவர் ஒன்பது சொன்னார். நான்காம் நாள் கூட்டம் திரண்டது, பள்ளி சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிந்தன. ஆளுக்கொரு புலன்விசாரணை நடத்தவேண்டாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் எச்சரிக்க வேண்டிய நிலை வந்தது. மகளைப் பறிகொடுத்த தாயின் நியாயமான கேள்விக்கு அந்தத் தீயால் விடை கிடைத்ததா? கேள்வியே புகையில் மறைந்தது!

குற்றம் சாட்டப்பட்டவன் மாற்றுக் கட்சிக்காரன் என்றால் விரல் துறுதுறுக்கும். முதல் தகவல் அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பத் தோன்றும். பொறுங்கள்! அந்தத் தாளில் பிள்ளையின் முகவரி இருக்கும். எதிரியை அடிக்க ஓங்கும் கட்டை ஒரு பிள்ளையின் தலை வழியாகப் போகவேண்டுமா? அடிக்க வேறு வழி நமக்கா தெரியாது! பிள்ளையை இழிவுபடுத்தும் படமோ பதிவோ கையில் வந்தால், பரப்பாதீர், காவல்துறையிடம் கொடுங்கள். ஆபத்தில் ஒரு பிள்ளையைக் கண்டால் 1098 என்ற எண்ணைச் சுழற்றுங்கள். அதுதான் வீரம்.

பாடசாலை தொடங்குவோம்

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் வேலையல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒரு படிப்பகம் போதும். நாமகிரிப்பேட்டையிலேயே தொடங்கலாம். சுற்று வட்டார நிருபர்களை, எந்த ஏடானாலும் எந்தக் கட்சியானாலும், அழைப்போம். சட்டம் சொல்ல ஒரு வழக்கறிஞர். பிள்ளைகளின் மனம் சொல்ல ஒரு பள்ளி ஆசிரியை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஓர் அலுவலர். தேநீர்ச் செலவு நம்முடையது.

பாடம் என்ன? நாம் மேலே கட்டிக் காட்டினோமே, அதுபோல ஒரு கற்பனைச் செய்தியைக் கொடுப்போம். ஒவ்வொருவரும் அதைத் திருத்தி எழுதட்டும். பிறகு அதே தெருவில் குடியிருப்பவராகத் தம்மைப் பாவித்துப் படிக்கட்டும். ‘யார் அந்தப் பிள்ளை?’ என்று கண்டுபிடிக்க முடிந்தால், மறுபடி எழுதட்டும். கண்டுபிடிக்க முடியாதவரை எழுதட்டும். பிறகு இன்னொரு முறை படிக்கட்டும்: குற்றம் தெரிகிறதா? கடமை தவறியவர் தெரிகிறாரா? தெரியாவிட்டால் அதுவும் தோல்விதான், அதையும் திருத்தட்டும். மூன்றாவது பாடம், படம் எடுக்குமுன் கேட்கும் பாடம்: பெற்றோர் சரி என்றார்கள், பிள்ளை சரி என்றதா? மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி, அதிகாரிகள் நடுவில் நின்று எடுத்துக்கொள்ளும் படம் யாருக்காக? அந்தப் பிள்ளைகளுக்காகவா, அதிகாரியின் பதவி உயர்வுக்காகவா?

கடைசிப் பாடம் ஏட்டின் முதலாளிக்கு. நிருபருக்குச் சம்பளம் கொடு. படம் அனுப்பாத நாளில் அவரை அதட்டாதே. ‘இந்தச் செய்தியில் பெயர் போடமாட்டேன்’ என்று அவர் சொன்னால் முதுகில் தட்டிக்கொடு. பசித்த வயிற்றுக்கு நெறி சொல்வது எளிது. நெறியோடு எழுதுவோர்க்குச் சோறும் போடவேண்டும்!

நாகசுரத்தால் பெயர் பெற்ற ஊர் நாமகிரிப்பேட்டை. ஓர் ஊருக்கு இசையால் பெயர் வரலாம், மஞ்சளால் பெயர் வரலாம். ஒரு பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையின் பெயரை ஊருக்குச் சூட்டி, அந்த ஊரின் பெயரைப் பிள்ளைக்குச் சூட்டி, இருவரையும் காலமெல்லாம் சுமக்க விடுகிற வழக்கம் ஒழியவேண்டும்.

பத்திரிகை ஏழைக்கு வாள் என்கிறோம். வாள் என்றால் அதைப் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். கற்றுக்கொண்டவன் யார் கழுத்துக்கு நேரே நீட்டுவது என்று அறிவான். கல்லாதவன் கையில் அது பக்கத்தில் நிற்கும் குழந்தையைக் கீறும். ஆகவே நிருபர் தோழர்களே, கட்சித் தோழர்களே, அடுத்த முறை ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதுமுன், ஒரு விரல் தட்டுமுன், ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘இது என் வீட்டுப் பிள்ளையானால், இந்த வரியை எழுதுவேனா?’

எழுதுவேன் என்று நெஞ்சு சொன்னால் எழுதுங்கள், அஞ்சாமல் எழுதுங்கள்! மாட்டேன் என்று சொன்னால், பேனாவை மூடாதீர்கள், திருப்பிப் பிடியுங்கள். குற்றம் செய்தவனை நோக்கி, கண்டும் காணாதிருந்த அதிகாரியை நோக்கி, காசு வாங்கிக்கொண்டு கட்டப்பஞ்சாயத்துப் பேசியவனை நோக்கித் திருப்புங்கள்!